சாரா மாறி, சார்ந்த மாறி

சென்னைக் கல்லூரிகளில் உளவியல் படிப்பவர்கள் பேச்சில் இவை ‘ஐ.வி.’, ‘டி.வி.’ என்று வரும். இன்டிபென்டன்ட் வேரியபிள், டிபென்டன்ட் வேரியபிள் என்பவற்றின் சுருக்கம். தமிழில் சாரா மாறி, சார்ந்த மாறி. ஒரு சோதனையில் நாம் மாற்றிப்பார்ப்பது முன்னது, அதனால் மாறுகிறதா என்று அளந்துபார்ப்பது பின்னது.

‘மாறு’ என்ற வினையோடு ‘இ’ சேர்ந்தது மாறி, மாறாதது மாறிலி. (வல்லின றகரம் முக்கியம், ‘மாரி’ என்றால் மழை.) ‘டிபென்டன்ட்’டின் லத்தீன் வேருக்கு, ஒன்றிலிருந்து தொங்குவது என்று பொருள். கணிதத்தில் புழங்கிய இந்த இணை, உளவியலில் வேரூன்றியதற்கு அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வர்த்தின் 1938-ஆம் ஆண்டுப் பாடநூல் ஒரு முக்கியக் காரணம். ‘சார்பு மாறி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பள்ளிக் கணக்கில் ‘சார்பு’ என்பது வேறொன்றின் (ஃபங்ஷனின்) பெயர் என்பதால், எனக்குச் ‘சார்ந்த’ என்பதே சரியாகப் படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஹாரன் சத்தம் நினைவாற்றலைக் குறைக்குமா? மாணவர்களைக் குலுக்கிப்போட்டு இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். அண்ணா சாலை சிக்னலில் பதிவுசெய்த சத்தம் ஒரு குழுவுக்கு ஹெட்போனில் கேட்கும். இன்னொரு குழுவுக்கு ஹெட்போன் மட்டும். எல்லோருக்கும் மனப்பாடம் செய்ய அதே 20 சொற்கள், அதே அளவு நேரம். அப்புறம் நினைவில் நின்றதை எழுதச் சொல்கிறோம். சத்தத்தை வைப்பதும் எடுப்பதும் நம் கையில், அது சாரா மாறி. சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கையை நாம் அளக்கத்தான் முடியும், அது சார்ந்த மாறி. ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்காரவைத்தால் எல்லாம் கெட்டுவிடும். மதிப்பெண் குறைந்தது சத்தத்தாலா, தூக்கக் கலக்கத்தாலா? இப்படி நடுவில் நுழைவதைப் புற மாறி என்பார்கள்.

‘சாரா’ என்றதும் உலகில் எதையுமே சாராதது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சோதனையில் அதற்குக் கொடுத்த இடம் அது, அவ்வளவுதான். தூக்கம் குறைந்தால் கவனம் சிதறுமா என்று பார்க்கும்போது தூக்கம் சாரா மாறி. இரவுக் காபி தூக்கத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும்போது அதே தூக்கம் சார்ந்த மாறி.

வயது, பாலினம் போன்றவற்றையும் பல ஆய்வறிக்கைகள் சாரா மாறி என்றே குறிக்கின்றன. இங்கே கவனம் வேண்டும். சத்தத்தைப்போல வயதை யாருக்கும் நாம் பிரித்துக் கொடுக்க முடியாது. 20 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் வயது மட்டுமா வேறு? படித்த பள்ளி, கண்பார்வை, கம்ப்யூட்டர் பழக்கம் எல்லாமே வேறு. அதனால் இருவர் மதிப்பெண்ணும் வேறுபட்டால், வயதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு இடம் தராது.