கிராமத்துப் பாதையில் ஓடப் போகிறீர்களா? முதலில் ஒருமுறை நடந்து பாருங்கள்

முழங்கால் வலி, கணுக்கால் சுளுக்கு என்று ஓட்டக்காரர் யார் வந்தாலும், எந்த வழியாக ஓடுகிறீர்கள் என்று விசாரித்த பிறகுதான் காலைத் தொட்டுப் பார்ப்பேன். பிசியோதெரபிஸ்டாக எனக்கு இது பழகிப்போன வழக்கம். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். தினமும் எத்தனை கிலோமீட்டர், என்ன ஷூ, என்ன வேகம் என்று எல்லாவற்றையும் டக்கென்று சொல்பவர்கள், பாதை எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்கள்.

கிராமத்தைச் சுற்றி ஓடுபவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பூங்காவில் தரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டருக்குள் தார்ச்சாலை, சரளை, வண்டித்தடம், வரப்பு, புல்தரை, குளத்துக்கரை எல்லாம் வந்துவிடும். தரை மாறிக்கொண்டே இருப்பது காலுக்கு நல்லதுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை விழாது. வண்டிகளும் குறைவு. அதனால் கிராமத்துப் பாதையில் ஓடுங்கள் என்று நானே பலரிடம் சொல்கிறேன். ஆனால் புதுப் பாதையில் முதல் நாளே ஓட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடக்கும்போது எதைப் பார்ப்பது? தார்ச்சாலையில் தொடங்குவோம். மழைத்தண்ணீர் வழிந்து ஓடுவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை மேடாகவும் ஓரங்களைச் சரிவாகவும் போடுவார்கள். நாம் ஓடுவது ஓரத்தில். அப்படியென்றால் ஒரு கால் எப்போதும் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் விழுகிறது. மேட்டுப் பக்கத்துப் பாதம் உள்பக்கமாக அதிகம் சாயும்; இடுப்பும் ஒரு பக்கம் இறங்கும். ஒரு மீட்டருக்கு ஓர் அடி வைப்பவர் ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு காலையும் சுமார் 500 முறை ஊன்றுகிறார். ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை ஏறுகிறது. எப்போதும் ஒரே பக்கம் மட்டும் வலிக்கிறது என்று வருபவர்களிடம் சாலைச் சரிவைப் பற்றிக் கட்டாயம் கேட்பேன்.

சரி, பக்கத்தை மாற்றி மாற்றி ஓடலாமே என்று தோன்றும். வேண்டாம். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. முதுகுக்குப் பின்னால் வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியாது. செடி மறைக்கும் குறுகலான வளைவு வந்தால் மட்டும், வளைவுக்கு நிறைய தூரம் முன்பே சாலையைக் கடந்து, ஓட்டுநருக்கு நாம் தெரியும் பக்கம் போய்விடலாம். சரிவுக்கான தீர்வு பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது: தார்ச்சாலைப் பகுதி குறைவாகவும், மண்பாதை அதிகமாகவும் உள்ள வழியாகப் பாருங்கள்.

அடுத்தது வரப்பு. பார்க்க அழகாக இருக்கும், பச்சை நடுவே ஓடலாம் என்று ஆசை வரும். என் கருத்து: வரப்பில் நடங்கள், ஓடாதீர்கள். அகலம் குறைவு. ஓரத்தைத் தண்ணீர் அரித்திருக்கும், உள்ளே எலி வளை இருக்கும், எல்லாவற்றையும் புல் மூடியிருக்கும். பாதி பாதம் ஓரத்தில் விழுகிறது, மண் பெயர்கிறது, உள்ளங்கால் உள்பக்கம் திரும்புகிறது. அந்த நொடியில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்புக்குச் சற்று முன்னால் இருக்கும் தசைநார்தான் முதலில் இழுபடும். பாதத்தை நிமிர்த்த வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசை விழித்துக்கொள்ளும் முன்பே நார் கிழிந்திருக்கும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்கும் காரணம் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு அந்த இடத்தில் மந்தமாகிவிடுகிறது. வலி போனவுடன் அது தானாகத் திரும்பிவிடாது. ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று சில வாரம் பழக்கித்தான் மீட்க வேண்டும். சுளுக்கு வராதவர்களும் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்று பழகலாம்.

சுளுக்கினால் எக்ஸ்ரே எப்போது தேவை என்பதற்கு கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த எளிய விதிகள் இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. விழுந்த உடனேயும் சரி, மருத்துவரிடம் வந்த பிறகும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ, உள்பக்க வளைவின் மேட்டிலோ வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை காலை ஊன்ற வேண்டாம். வீங்கிய காலை யாரிடமும் கொடுத்து இழுக்கவோ நீவவோ சொல்லாதீர்கள்.

வண்டித்தடம் வரப்பைவிட எவ்வளவோ மேல். மழைக்குப் பிறகு காய்ந்து இறுகிய சக்கரப் பள்ளங்களின் விளிம்பில் மட்டும் கவனம் வேண்டும். அடியைச் சுருக்கி, பார்வையை நான்கைந்து காலடி தூரம் முன்னால் வைத்து ஓடுங்கள். இளமணல் வந்தால் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும், கெண்டைக்காலும் அதைக் குதிகாலோடு இணைக்கும் நாரும் அதைத் தாங்க வேண்டும்.

பாதையின் வடிவத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்து கிலோமீட்டர் ஒரே சுற்றாகப் போவதைவிட, ஊரைத் தொட்டுத் தொட்டு வரும் இரண்டு கிலோமீட்டர்ச் சுற்றைப் பல தடவை ஓடுங்கள். கால் மடங்கினால் வீட்டிலிருந்து அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர்தான் தள்ளி இருப்பீர்கள். நடந்து பார்க்கும் அன்றே எங்கே செல்போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை, எங்கே நிழலே இல்லை, வண்டி எதுவரை வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழி, எப்போது திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விதைத்த நிலத்தில் கால் வைக்காதீர்கள். மருந்தடிக்கும் வயலிலிருந்து காற்று வந்து சேரும் பக்கமாக அன்றைக்குப் போகாதீர்கள். வேகமாக மூச்சு வாங்கும்போது அது நேராக நுரையீரலுக்குள் போகும்.

நாய் துரத்தினால் ஓடுவதுதான் தவறு. ஓடும் உருவம் அதன் துரத்தும் குணத்தைத் தூண்டும். நில்லுங்கள், கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகி நடங்கள். கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டு லேசாகக் கீறினாலோகூட சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸில் பிழைப்பவர் கிட்டத்தட்ட யாருமில்லை. அதற்கு முன்பு ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பாம்பு கடித்தால் வேறொரு கட்டுப்பாடு வேண்டும்: அசையவே கூடாது. கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். உட்கார்ந்து, போன் செய்து, வண்டியை வரவழையுங்கள். இருட்டில் ஓடுவதானால் தலைவிளக்கு இல்லாமல் புல்வெளிப் பக்கம் போகவே வேண்டாம்.

திறந்தவெளி வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்துக்கு உடல் பழக சுமார் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கூட ஓடுபவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பில்லை. உதவிக்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் கிடைக்கும் தண்ணீரை எல்லாம் ஊற்றி உடம்பைக் குளிர வையுங்கள்.

அப்புறம், இவ்வளவு நாள் தார்ச்சாலையில் ஓடியவர் எல்லா நாளையும் ஒரேயடியாக மண்பாதைக்கு மாற்ற வேண்டாம். முதலில் வாரத்தில் ஒரு நாள், தூரத்தையும் குறைத்து. மறுநாள் தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்படத் தேவையில்லை. இறக்கத்தில் ஓடினால் வரும் தசைவலி அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு வலி இருந்து, ஓட ஓட அது கூடினால் எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அந்த வலியோடு இன்னொரு சுற்று போகாதீர்கள். அந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள்.