கழிவுத் தொட்டிக்கும் காற்று வேண்டும்: படகில் நாற்றம் எப்படி உருவாகிறது, எப்படி அடங்குகிறது

படகுக் கழிவறையில் நாற்றம் எழுந்தால், வாசனைத் திரவம் ஒன்றை வாங்கி, கழிவு சேரும் தொட்டிக்குள் ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. இரண்டு நாள் அந்த வாசனையும் நாற்றமும் கலந்து வீசும். பிறகு நாற்றம் மட்டும் மிஞ்சும். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை முதலில் சரிசெய்வது, எதைக் கடைசிக்கு விடுவது என்பது தெளிவாகிவிடும். முதல் இடம் காற்றுக்கு, அடுத்து கழிவைக் கொண்டுபோகும் ஹோஸ், அதற்கடுத்து ஃபிளஷ் செய்யும் நீர். தொட்டியில் ஊற்றும் மருந்துகள் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கழிவோடு சேர்ந்தே தொட்டிக்குள் வந்துவிடுகின்றன. நீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும்வரை, அதைக் கொண்டு சுவாசிக்கும் இனங்களே ஓங்கி வளரும். அவை கழிவின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகின்றன. இரண்டுக்கும் மணம் கிடையாது. ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும். நைட்ரேட்டும் இல்லாமல் போனால் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் இனங்களின் முறை வரும். இவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை நாற்றம். கூடவே மெர்காப்டன்கள் என்ற கந்தகச் சேர்மங்கள், நாறும் கொழுப்பு அமிலங்கள், சிறுநீரின் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா எல்லாம் சேரும்போதுதான் படகில் ஏறியதும் முகத்தில் அறையும் அந்த நெடி உருவாகிறது.

கடல்நீரால் ஃபிளஷ் செய்யும் படகுகளில் நிலைமை மேலும் மோசமாவதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆற்றுநீரிலோ குடிநீரிலோ இது பெரும்பாலும் சில பத்து மில்லிகிராம்தான். அந்த 2.7 கிராமும் முழுதாக ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறினால், கணக்குப்படி ஏறக்குறைய 0.7 லிட்டர் வாயு கிடைக்கும். பலரின் மூக்குக்கு, காற்றில் நூறு கோடிப் பங்குக்குப் பத்துப் பங்கு இந்த வாயு இருந்தாலே தெரிந்துவிடும். ஆகவே தொட்டியில் இருக்கும் சல்ஃபேட்டில் மிகச் சிறிய பகுதி மாறினாலும் படகு முழுவதும் நாறும்.

இந்த வாயுவின் ஒரு பகுதி நீரிலேயே கரைந்து கிடக்கும். படகு துறையில் அசையாமல் நிற்கும்போது தெரியாத நாற்றம், அலையில் ஆடத் தொடங்கியதும் கிளம்புவது இதனால்தான். குலுக்கல் கரைந்த வாயுவை வெளியேற்றுகிறது. ஃபிளஷ் செய்யும்போதும் இதே கதைதான்: தொட்டிக்குள் எவ்வளவு நீர் நுழைகிறதோ, அவ்வளவு காற்று வெளியே போயாக வேண்டும். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது, தொட்டிக்குள் காற்று போய்வரும் வென்ட் குழாய்.

வென்ட் குழாய்

பல படகுகளில் தொட்டியின் வென்ட் குழாய் 16 மி.மீ. உள்விட்டம் மட்டுமே கொண்டது. நீளமாக, வளைந்து நெளிந்து, அலமாரிகளுக்குப் பின்னால் ஓடி, கடைசியில் சன்னமான வலை பொருத்திய திறப்பில் முடிகிறது. நீர் நுழையும்போது காற்று வெளியேற இது போதும். வெளிக்காற்று உள்ளே வந்து கலப்பதற்குப் போதாது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமே இல்லாத தொட்டியில் அது கழிவின் மேல் படிந்து நிற்கும். வெளிக்காற்றின் ஆக்சிஜன் கழிவைத் தொட வழியில்லாமல் போகும்.

தீர்வு, அகலமான, குட்டையான, நேரான குழாய். 25 மி.மீ. நல்லது, இடம் இருந்தால் 38 மி.மீ. இன்னும் நல்லது. 16 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 2 சதுர செ.மீ., 38 மி.மீ. குழாயினுடையது 11 சதுர செ.மீ.க்கு மேல், ஐந்தரை மடங்கு வித்தியாசம். நீளத்தை ஒன்றரை மீட்டருக்குள் அடக்கப் பாருங்கள். தொட்டியிலிருந்து வெளித்திறப்புவரை குழாய் தொடர்ந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் எங்காவது தொய்ந்தால், படகு சாயும்போது தெறித்த கழிவு அந்தப் பள்ளத்தில் தேங்கிக் காற்றை முழுமையாக அடைத்துவிடும். வாய்ப்பிருந்தால் படகின் இரு பக்கங்களுக்கும் ஒவ்வொரு வென்ட் கொடுங்கள். காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்போது தொட்டியின் மேற்பகுதி தானாகவே சுத்தமாகும். வெளித்திறப்பில் எரிபொருள் தொட்டிக்குரிய வலைபோட்ட பொருத்தியைப் பயன்படுத்த வேண்டாம். அந்த வலையில் கசடும் உப்பும் பூச்சிக்கூடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

அடைப்பு நாற்றத்தோடு நிற்பதில்லை. வென்ட் அடைந்த தொட்டியில் ஃபிளஷ் செய்யச் செய்ய அழுத்தம் ஏறும். கழிவறைப் பம்பின் கைப்பிடி கனக்கத் தொடங்குவது முதல் அறிகுறி. அந்த நிலையில், கழிவை உறிஞ்சி எடுப்பதற்கான மேல்தள மூடியைத் திறந்தால் உள்ளிருப்பது பீய்ச்சியடிக்கும். மாறாக, கரையிலுள்ள உறிஞ்சும் பம்பை இணைத்தால் காற்று நுழைய வழியில்லாமல் தொட்டி உள்வாங்கி நசுங்கவோ, விரிசல் விடவோ கூடும். படகைக் கழுவும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஹோஸின் முனையை வென்ட் திறப்பில் வைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி அரை நிமிடம் நீரை விடுங்கள். தொட்டி நிரம்பியிருக்கும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

வென்டை அகலப்படுத்த இடமே இல்லாத படகுகளில் காற்றைக் கழிவுக்குள் நேரடியாகவே செலுத்தலாம். மீன் தொட்டிக்குப் பயன்படும் வகையிலான சிறிய காற்றுப் பம்ப், மெல்லிய குழாய், தொட்டியின் அடியில் கிடக்கும் துளையிட்ட குழாய்த்துண்டு, இவ்வளவுதான் தேவை. குமிழ்கள் மேலேறும்போது ஆக்சிஜன் கரைவதோடு கழிவும் மெல்லக் கலக்கப்படுகிறது. பம்ப் நிற்கும்போது கழிவு குழாய் வழியே பின்னேறாமல் இருக்க, காற்றுக் குழாயைத் தொட்டியின் உச்சிக்கு மேலே ஒரு வளையமாக ஏற்றி, ஒருவழி வால்வும் போட வேண்டும். பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்திவைத்துவிட்டுத் திடீரென ஓட்டினால், அதுவரை கரைந்து கிடந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு முழுவதையும் அது ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடும்.

நாற்றம் தொட்டியிலிருந்துதான் வருகிறதா?

தொட்டி நாறினால் அது பெரும்பாலும் வெளியில், வென்ட் திறப்பின் அருகில், ஃபிளஷ் செய்யும் நேரத்தில்தான் தெரியும். அறைக்குள் எப்போதும் ஒரே சீராக நாற்றம் இருந்தால் சந்தேகம் ஹோஸ் மீது விழ வேண்டும். பல நாள் பூட்டிக் கிடந்த படகில் முதல் ஃபிளஷ் மட்டும் குமட்டினால் அது கழிவே இல்லை. கடல்நீர் வரும் குழாயில் அடைபட்டு இறந்த மிதவை உயிரிகள் அழுகிய நாற்றம் அது.

ஹோஸைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஹோஸின் ஒரு பகுதியில் சுற்றுங்கள். ஆறியதும் எடுத்து, ஹோஸிலிருந்து விலகிப்போய் நல்ல காற்றில் முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் ஹோஸின் சுவர் வழியாகவே நாற்றம் கசிகிறது. அப்படிப்பட்ட ஹோஸை எதைக் கொண்டு கழுவினாலும் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். ஒரே ஹோஸில் மேடான பகுதி நன்றாகவும் தாழ்ந்த பகுதி கெட்டும் இருக்கும். கழிவு தேங்கி நிற்கும் இடத்தில்தான் ஊடுருவல் விரைவாக நடக்கிறது. எனவே தாழ்ந்த இடத்தை முதலில் சோதிக்கவும்.

மாற்றும்போது கழிவுநீருக்கென்றே தயாராகும், தடித்த சுவருள்ள ஹோஸை வாங்குங்கள். மலிவான வெள்ளை நெளி ஹோஸ் விரைவில் நாறும். நேராக ஓடும் இடங்களில் கடினமான பிவிசி குழாய் மிகச் சிறந்தது. அதன் சுவரை நாற்றம் ஊடுருவுவதில்லை என்றே சொல்லலாம். ஹோஸ் முனையைச் சூடான நீரில் சில நிமிடம் வைத்தால் இளகி எளிதாக ஏறும். வழுக்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்போ கிளிசரினோ போதும், கிரீஸ் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் இரண்டு, திருகுகள் எதிரெதிர் திசையில் இருக்கும்படி.

ஹோஸ் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டுமானால் அதில் கழிவு நிற்கக் கூடாது. கழிவறைக் குழாயின் வழக்கமான உள்விட்டம் 38 மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு அது 1.1 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். கழிவறைக்கும் தொட்டிக்கும் இடையே 3 மீட்டர் ஹோஸ் இருந்தால், கழிவு முழுதாகத் தொட்டியை அடையச் சுமார் மூன்றரை லிட்டர் நீர் தேவை. தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும் என்று நீரை மிச்சம் பிடிப்பவர்கள் ஹோஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கைப்பம்பின் ஒரு தள்ளலுக்கு எவ்வளவு நீர் போகிறது என்பதை ஒரு வாளியில் அளந்து பாருங்கள். எத்தனை தள்ளல் தேவை என்பது அதிலிருந்து கிடைத்துவிடும்.

கழிவறையின் வெளியேறும் வாயிலில் ஜோக்கர் வால்வு என்ற சிறிய ரப்பர் வால்வு இருக்கிறது. உதடுபோன்ற பிளவு வழியே கழிவை முன்னே விட்டு, பின்னே வராமல் தடுப்பது அதன் வேலை. ரப்பர் விறைத்தாலோ, சுண்ணாம்பு படிந்தாலோ உதடுகள் மூடாது. கிண்ணத்தில் பழுப்பு நீர் மெல்ல ஏறி வருவது அதன் அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பைன் எண்ணெய் கலந்த சுத்தம் செய்யும் திரவமும் பிளீச்சும் இந்த ரப்பரைக் கெடுக்கும். பிளீச் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயுக்களும் உண்டாகும். தொட்டியில் உதவும் பாக்டீரியாக்களையும் அது கொன்றுவிடும்.

கடல்நீரும் சுண்ணாம்பும்

முதல் ஃபிளஷ் நாற்றத்துக்கு, படகை விட்டு இறங்கும் முன் கடல்நீர்க் குழாயை நன்னீரால் நிரப்பிவைப்பதே மருந்து. கிண்ணத்தில் நன்னீர் ஊற்றிப் பம்ப் செய்தால் பலனில்லை. அந்த நீர் வெளியேறும் பக்கம் போகுமே தவிர, கடல்நீர் வரும் குழாயைத் தொடாது. கழிவறையின் நீர் வரும் ஹோஸை, கைகழுவும் தொட்டியின் வடிகால் குழாயோடு ஒரு டி இணைப்பால் சேர்த்துவிட்டால் வேலை சுலபம். இணைப்பு படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கடல்நீர் வால்வை மூடிவிட்டு, கைகழுவும் தொட்டியை நன்னீரால் நிரப்பிப் பம்ப் செய்தால், குழாய், பம்ப், கிண்ணத்தின் விளிம்பு மூன்றும் கழுவப்படும். கழிவறையைக் குடிநீர்க் குழாயோடு நேரடியாக இணைப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. கிருமிகள் பின்னோக்கிக் குடிநீருக்குள் போய்விடும்.

கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்தால் ஹோஸின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் கல்போல் படிகிறது. யூரியா அம்மோனியாவாக உடையும்போது காரத்தன்மை கூடி, கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட், பாஸ்பேட் உப்புகளாக இறங்குகின்றன. இந்தப் படிவு கழிவைப் பிடித்துவைத்து நாற்றத்தை நிரந்தரமாக்கும். வாரம் ஒருமுறை 250 மில்லி வெள்ளை வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஹோஸுக்குள் சற்று நேரம் நிற்கவிட்டுப் பின் நன்னீரால் கழுவினால் படிவு தொடக்கத்திலேயே கரையும்.

அமிலம் எதையும், கழிவு நிறைந்து அழுகிய தொட்டிக்குள் அதிக அளவில் போகவிடாதீர்கள். காரத்தன்மையுள்ள நீரில் சல்ஃபைடு பெரும்பாலும் அயனியாகக் கரைந்திருக்கும். அமிலம் சேர்ந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாறி வெளியேறும். எனவே பழைய படிவைக் கரைக்கப் பெரிய அமிலக் கழுவல் செய்வதானால், தொட்டியைக் காலிசெய்து அலசிய பிறகே செய்யுங்கள்.

தொட்டியில் ஊற்றும் மருந்துகள்

கடைகளில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். ஃபார்மால்டிஹைடு வகைகள் எல்லா பாக்டீரியாக்களையும் கொன்று, வாசனையால் மூடுகின்றன. புதிய கழிவு வர வர வீரியம் குறையும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். கரையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்களுக்கும் அவை கேடு. உயிருள்ள பாக்டீரியா கலவைகள் நல்லவை, ஆனால் தொட்டியில் ஆக்சிஜன் இருந்தால்தான் அவை பிழைக்கும்; வென்ட் அடைந்த தொட்டியில் ஊற்றினால் பணம்தான் வீண். நைட்ரேட் கலந்தவை காற்றுக் குறைவான தொட்டியிலும் வேலை செய்யும். பாக்டீரியாக்களுக்குச் சல்ஃபேட்டைவிட நைட்ரேட் அதிக ஆற்றல் தருவதால், நைட்ரேட் இருக்கும்வரை சல்ஃபேட் பக்கம் அவை பெரும்பாலும் திரும்புவதில்லை. காலிசெய்த உடனேயே, கொஞ்சம் நீரோடு சேர்த்து ஊற்றுவது சரியான நேரம்.

வென்ட் குழாயில் பொருத்தும் கரி வடிப்பான் நாற்றத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் காற்றோட்டத்தையும் குறைக்கிறது. நனைந்துவிட்டால் அடைத்துக்கொள்ளும், பின் மேலே சொன்ன அழுத்தக் கோளாறுகள் எல்லாம் தொடங்கும். வென்ட் திறப்பு, ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடலாம்.

அலுமினியத் தொட்டியில் இவை எல்லாம் செய்தும் நாற்றம் போகாவிட்டால் பற்றவைப்பு இணைப்புகளைப் பாருங்கள். சிறுநீரும் உப்பும் அங்கே ஊசித்துளைகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகும் இதற்கு விலக்கு இல்லை. ஒட்டுப்போட்டு நீட்டிப்பதைவிட 9 மி.மீ. அளவு சுவருள்ள பாலிஎத்திலீன் தொட்டிக்கு மாறுவதே நல்லது.

தொட்டி அறையில் வேலை செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500 பங்கைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாற்றம் திடீரென நின்றுவிட்டதுபோல் தோன்றினால் அதை நம்பாமல் உடனே வெளியேறுங்கள். தொட்டியைத் திறக்கும் முன் எல்லாக் கதவு ஜன்னல்களையும் திறந்து, மின்விசிறி ஓடவிட்டு, மேலே ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். மீத்தேனும் சேர்ந்திருக்கும் என்பதால் நெருப்புப்பொறி எதுவும் அருகில் கூடாது.

படகைப் பல வாரங்களுக்கு விட்டுச் செல்வதானால், உறிஞ்சி எடுக்கும் நிலையத்தில் தொட்டியைக் காலிசெய்து, 10 முதல் 20 லிட்டர் சுத்தமான நீரை மேல்தள மூடி வழியே ஊற்றி மறுபடி உறிஞ்சுங்கள். கழிவு விழும் இடத்துக்குக் கீழே கசடு குவியலாக நின்றுவிடும். அது கரைந்து நீர் தெளிவாக வரும்வரை அலசல் தொடர வேண்டும். பிறகு கடல்நீர் வால்வை மூடிவிட்டு, கைகழுவும் தொட்டி வழியாக நன்னீரைப் பம்ப் செய்து, நீர் வரும் குழாயையும் ஹோஸையும் அலசுங்கள். மேல்தள மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழைநீர் உள்ளே போகுமோ என்று பயந்து வென்ட் திறப்பில் துணி அடைப்பவர்கள் உண்டு. அதை மட்டும் செய்ய வேண்டாம்.