கிராவல் ரோட்டை முன் பக்கெட்டால் மட்டப்படுத்தாதீர்கள்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்துத் தோப்புப் பாதைகளில் லோடர், அதாவது மண் அள்ளும் முன் பக்கெட், மாட்டிய டிராக்டர்கள் இறங்கிவிடும். பக்கெட்டைக் கவிழ்த்து முன்னும் பின்னும் நாலு இழுப்பு. பள்ளம் மூடி, ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பள்ளம். பழி கிராவல் மேல் விழும். 'மண்ணு சரியில்லீங்க' என்பார்கள். பெரும்பாலும் மண் சரியாகத்தான் இருக்கும்.

பள்ளம் என்பது அடி இறுகிப்போன ஒரு கிண்ணம். அதில் உதிரி மண்ணைப் போட்டு மூடினால் புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. தண்ணீர் இறங்கி அந்த இறுகிய அடியில் தேங்கும். மேலே ஒரு வண்டி ஏறினால் சேறாகித் தெறித்து வெளியே போய்விடும். ஆகவே பள்ளத்தின் அடிவரை ரோட்டையே கீறிக் கிளறி, கலந்து, மறுபடி படிய வைக்க வேண்டும். இந்த வேலை முன் பக்கெட்டுக்கு வராது. பக்கெட் அள்ளவும் கொட்டவும்தான். ரோட்டுக்கு உருவம் கொடுப்பது பின்னால் மாட்டும் லெவலர் பிளேடு.

பக்கெட் முன் சக்கரத்துக்கும் முன்னால் தொங்குகிறது. முன் டயர் ஒரு மேட்டில் ஏறினால் பக்கெட்டும் தூக்கிக்கொள்ளும், பள்ளத்தில் இறங்கினால் குத்திக்கொள்ளும். இருக்கிற மேடுபள்ளத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகும். இன்னொரு செலவும் உண்டு. பக்கெட்டை முழுக்கக் கவிழ்க்கும்போது அதன் சிலிண்டர் ராடு முழு நீளத்துக்கு வெளியே வந்து நிற்கும். அப்படியே அழுத்தி ரிவர்ஸில் இழுக்கையில் புதைந்த பாறை ஒன்று தட்டினால் ராடு வளைந்துவிடும். பிறகு சீல் போகும், ஆயில் கசியும். பரப்பிய மண்ணை லேசாகத் தடவிவிடப் பக்கெட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் பாதி சாய்வில், லிவரை 'ஃப்ளோட்' நிலையில் (பக்கெட் தரையோடு தானாக ஏறி இறங்கும் நிலை) வைத்து, பக்கெட்டின் சொந்த எடையில் மட்டும்.

லோடர் மாட்டிய வண்டிக்குப் பின் எடை இல்லாவிட்டால் ஆபத்து. நம்மூரில் ஓடும் டூ வீல் டிரைவ் டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான். முன்னால் பக்கெட் நிறைய மண் ஏறியதும் பின் டயர் லேசாகிவிடும். இறக்கத்தில் பிரேக் மிதித்தாலும் டயர் வழுக்குமே தவிர வண்டி நிற்காது. பின்னால் பிளேடையோ கான்கிரீட் கட்டையையோ மாட்டுங்கள், பின் டயரில் தண்ணீர் நிரப்புங்கள். இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. பக்கெட்டில் ஆளை ஏற்றித் தேங்காய் பறிக்க விடுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது.

இனி வேலை. மண்ணில் ஈரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கைப்பிடி மண்ணை அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. மே மாதத்து வேலூர் வெயிலில் கிளறினால் கல்லைப் பிடித்து வைத்திருக்கும் மாவு மண் தூசியாகப் பறந்துவிடும். மிஞ்சுவது வெறும் கல். கோடை மழை பெய்த ஓரிரு நாளில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஈரம் காயும் முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

முதலில் கலப்பை. ஒன்பது கொத்துக் கலப்பையை அப்படியே விட்டால் இறுகிய ரோட்டில் மேலாகக் கீறிக்கொண்டு ஓடும். நாலு கொத்தைக் கழற்றி ஐந்தை மட்டும் விட்டால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் கூடும். ஸ்பிரிங் கலப்பை கல்லில் பட்டுத் துள்ளும். ஸ்பிரிங் இல்லாத கலப்பை கிடைத்தால் அதுவே நல்லது.

அடுத்து பிளேடு. ஏழடி பிளேடை 30 டிகிரி சாய்த்தால் ஆறடி அகலம் பிடிக்கும், பின் டயர் தடத்தை மூட அது போதும். பின் கருவியைத் தூக்கும் வலப்பக்க லிப்ட் ராடில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி, ரோட்டின் ஓரம் வரும் முனையைத் தாழ்த்துங்கள். ஓரத்திலிருந்து வெட்டி மண்ணை நடுவுக்குத் தள்ள வேண்டும், மறுபக்கமும் அப்படியே. பிறகு நடுவில் சேர்ந்த மண்ணை லேசான இழுப்பில் இரண்டு பக்கமும் விரித்துவிடலாம். 12 அடி ரோட்டில் நடு, ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஆறடிச் சட்டத்தின் ஒரு முனையை நடுவில் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, ஓரத்து இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். கண்ணை நம்பாதீர்கள்.

ரோடு அலை அலையாக வருகிறது என்ற புகார் அடிக்கடி வரும். இரண்டு காரணம். ஒன்று வேகம்: மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் பிளேடு குதிக்கும். இன்னொன்று, டிராப்ட் கண்ட்ரோல் லிவரில் ஓட்டுவது. அது உழவுக்கானது, இழுவை கூடும்போது கருவியைத் தானாகவே தூக்கிவிடும். ரோட்டில் அந்தத் தூக்கல் ஒவ்வொன்றும் ஒரு அலை. கருவியை வைத்த உயரத்திலேயே பிடித்து நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நம் பழைய பரம்புதான் மருந்து. ஏழடி நீளமுள்ள இரண்டு இரும்புத் தண்டுகளை இரண்டடி இடைவெளியில் சேர்த்துப் பற்றவைத்து, சங்கிலியில் சற்றே கோணலாக இழுங்கள். டிராக்டர் எழும்பி இறங்கினாலும் பரம்பு தன் நீளத்துக்கு அலையைச் சீவிக்கொண்டே வரும்.

மண் ரொம்பத் தேய்ந்து போயிருந்தால் புதுக் கிராவல் வேண்டும். மூன்று அங்குலம் இறுகி நிற்க, உதிரியாக நாலு அங்குலம் பரப்ப வேண்டும். 300 அடி நீளம், 12 அடி அகலம் என்றால் 12 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). டிரெய்லர் ஒரு லோடு ஒரு யூனிட் என்று கணக்கிட்டால் 25 அடிக்கு ஒரு லோடு. இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் பக்கெட்டால் சுமப்பது டீசல் தண்டம். லோடு வரும்போது நடைச்சீட்டை, அதாவது மண் ஏற்றிவர வாங்கிய அனுமதிச் சீட்டை, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண் என்பதில் கவனம் வேண்டும். கல்லும் மணலும் அவற்றைக் கட்டிப் பிடிக்கப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பசையுள்ள மாவு மண்ணும் கலந்த செங்கிராவல்தான் நிற்கும். ஏரிக் களிமண் மழையில் வழுக்கும். கிரஷர் தூளில் பசை இல்லை, செம்மண் கலக்காமல் போட்டால் காற்றோடு போகும். ஆற்றுமணல் ஒட்டவே ஒட்டாது. ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட கற்களைப் பொறுக்கிவிடுங்கள். பிளேடில் சிக்கி நீளக் கோடு கிழிப்பவை அவைதான்.

பரப்பிய 300 அடிக்கு 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று, ஒரே ஊற்றாக ஊற்றாமல் இரண்டு மூன்று நடையாகத் தெளிக்க வேண்டும். ரோலர் கிடைத்தால் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். கிடைக்காவிட்டால் பாரம் ஏற்றிய டிரெய்லரை ஒவ்வொரு நடைக்கும் ஒரு டயர் அகலம் தள்ளித் தள்ளி ஓட்டலாம். ஒரே தடத்தில் ஓட்டினால் அதுவே வாய்க்காலாகிவிடும். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு வண்டி போகும் பாதை என்றால் ரோலர் இல்லாமல் சமாளிக்க முடியாது.

கடைசியில் பலரும் விட்டுவிடுவது ஓர வரப்பு. பிளேடு ஓடிய பிறகு ரோட்டின் இரு ஓரத்திலும் நாலு விரல் உயரத்துக்கு மண் ஒதுங்கி நிற்கும். பார்க்க எல்லை கட்டிய மாதிரி அழகாக இருக்கும். நடு உயர்த்திய மூன்று அங்குலத்தையும் அது வீணாக்கிவிடும்: தண்ணீர் ஓரம்வரை வந்து, வரப்பில் முட்டி, ரோட்டோடு சேர்ந்தே ஓடி அரிக்கும். இங்கேதான் முன் பக்கெட்டுக்கு உண்மையான வேலை. அந்த மண்ணை அள்ளி எடுங்கள். பக்கக் கால்வாயின் அடி ரோட்டு ஓரத்தைவிட ஒரு அடியாவது தாழ்ந்திருக்கட்டும். குறுக்கே ஹியூம் பைப் போட்டிருந்தால் அதன் மேல் ஒரு அடி மண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் பிளேடைத் தூக்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

முதல் மழை பெய்யும்போதே மண்வெட்டியோடு ஒரு நடை போய்வாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் ஈரம் சரியாக இருக்கும்போது பரம்பை அங்கே மட்டும் இழுத்தால் போதும்.