திருடுன பணத்துக்கு ஐந்தொகை போடுறது எப்படி?

எங்க ஊர் ஊருணிக் கரையில ஒரு போர்டு இருக்கு, தூர் வாரினதா வேலையோட பேரு, தொகை எல்லாம் பெயின்ட்ல எழுதியிருக்கு, உள்ள இறங்கிப் பாத்தா முழங்கால் அளவு வண்டல் அப்படியே கெடக்கு. கோயிலுக்குப் போறப்பல்லாம் அப்பத்தா அங்க நின்னு "இந்தக் காசு யாரு வீட்டுக்குப் போச்சோ"ன்னு கேக்கும், எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. இது சின்னக் காசு, ஜில்லாவுக்குள்ளயே எங்கயோதான் இருக்கும். ஒரு நாட்டு அதிபரே கஜானாவுல கை வச்சா அது கடல் தாண்டிப் போயிரும், அதத் திரும்பக் கொண்டு வரவே முடியாதுன்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

முடியும். எப்படின்னு புரிய எங்க ஐயாவோட பேரேடே போதும். ஐயா மலேயாவுல பினாங்கு கிட்டங்கியில, அதாவது நம்ம ஆளுக வட்டிக்கடை நடத்துன எடத்துல, எடுபிடி வேலை பாக்குற பெட்டியடிப் பையனாச் சேந்து, ஏஜென்டுக்கு அடுத்த எடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவுக. அவுக நோட்டுல ஒரு எடத்துல பத்து, அதாவது பற்று, எழுதியிருந்தா இன்னொரு எடத்துல வரவு இருந்தே ஆகணும், ஆள் பேர் இல்லாம ஒரு வரிகூட கெடையாது. ஐந்தொகை, அதாவது பற்றும் வரவும் சரியா இருக்கான்னு பாக்குற கணக்கு, ஒரு டாலர் ஒதைச்சாலும் அது எங்கன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் ராத்திரி விளக்க அணைக்க மாட்டாகளாம்.

திருட்டுப் பணத்துல முதல் வேலையே அந்தப் பேர அழிக்கறதுதான். பிலிப்பைன்ஸ் அதிபரா இருந்த ஃபெர்டினான்ட் மார்கோஸும் அவர் மனைவி இமெல்டாவும் 1968ல சூரிக்ல ஒரு பேங்க்ல கணக்குத் தொறந்தப்போ வச்சுக்கிட்ட பேரு வில்லியம் சான்டர்ஸ், ஜேன் ரயன். அப்புறம் அந்தப் பணம் ஃபவுண்டேஷன் ஃபவுண்டேஷனா மாறிச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கையெழுத்துப் போட ஒரு வக்கீல், பின்னாடி இருக்குற ஆள் யாருன்னு எங்கயும் தெரியாது. இன்னைக்கு இதையே ஷெல் கம்பெனி, அதாவது தொழிலே இல்லாம பேருக்கு மட்டும் இருக்குற கம்பெனி, வச்சுப் பண்றாங்க, ஒரு கம்பெனிக்கு ஓனர் இன்னொரு கம்பெனி, அதுக்கு ஓனர் வேற ஏதோ தீவுல இருக்குற ஒரு டிரஸ்ட், இப்படியே போகும்.

1986 பிப்ரவரியில மக்கள் ரோட்டுக்கு வந்து மார்கோஸ் ஹவாய்க்கு ஓடுனாரு. அவசரத்துல அரண்மனையில விட்டுட்டுப் போன காகிதங்கள்லதான் அந்தப் பொய்ப் பேர்களெல்லாம் கெடைச்சுது. அடுத்த மாசமே சுவிஸ் அரசு கணக்குகள முடக்கிருச்சு. இந்த வேகம்தான் முக்கியம், ஏன்னா பணம் ஒரு நிமிஷத்துல நாடு மாறிரும், ஆனா ஒரு நாட்டுக் கோர்ட் ஆர்டர் இன்னொரு நாட்டு பேங்க்ல நேரா செல்லாது, அரசு மூலமா உதவி கேட்டு எழுதணும், அவங்க சட்டத்துலயும் அது குத்தமான்னு பாப்பாங்க, இதுக்கே வருஷக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் பணம் நகராம இருக்கணும்.

அடுத்தது நிரூபிக்கறது. மார்கோஸ் 1989லயே செத்துட்டாரு, செத்தவரக் கூண்டுல ஏத்த முடியாது, அதனால வழக்கு ஆள் மேல இல்லாம சொத்து மேல நடந்துச்சு. 1966லேந்து 1986 வரைக்கும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரோட சட்டப்படியான சம்பளத்தக் கூட்டுனா சுமார் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர்தான் வந்துச்சு. சுவிஸ் கணக்குல இருந்ததோ சுமார் 36 கோடி டாலர், அது வட்டியோட 65 கோடிக்கு மேல ஆயிருந்துச்சு. ஐந்தொகை ஒதைக்குது, மிச்சம் எப்படி வந்துச்சுன்னு குடும்பத்தால காட்ட முடியல, 2003 ஜூலையில பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அது நாட்டுப் பணம்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. அந்தக் கணக்கப் படிச்சப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு, எங்க ஐயா பண்ண அதே வேலைதான இது.

ஆனா 17 வருஷம்! இவ்வளவு இழுத்ததுக்கு ஒரு காரணம் அப்போ உலகத்துக்குப் பொதுவா விதியே இல்ல. 2003 டிசம்பர்ல மெக்சிகோவோட மெரிடா நகரத்துல ஐநா ஊழல் எதிர்ப்பு ஒப்பந்தத்துல நாடுகள் கையெழுத்துப் போட்டாங்க, 2005ல அமலுக்கு வந்துச்சு, இந்தியா 2011ல உறுதி பண்ணுச்சு. திருட்டுச் சொத்தத் திருப்பித் தர்றது இந்த ஒப்பந்தத்தோட அடிப்படைக் கொள்கைன்னு அதோட 51வது பிரிவு சொல்லுது. 2007ல உலக வங்கியும் ஐநாவும் சேந்து இதுக்குன்னே ஒரு அமைப்ப ஆரம்பிச்சு சின்ன நாடுகளோட அதிகாரிகளுக்கு வழக்கு நடத்தச் சொல்லிக் குடுக்கறாங்க.

தாமதமானா பொருளும் தேயும், அதையும் சொல்லணும். மலேசிய அரசோட முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில சுருட்டுன பணத்துல வாங்குனதா சொல்ற ஈக்வானிமிட்டி சொகுசுக் கப்பல் சுமார் 25 கோடி டாலர், 2018ல பாலித் தீவுல பிடிச்சு, நம்ம ஆளுக காலங்காலமா கடை வச்சிருந்த மலேசியாவோட அதே கிள்ளான் துறைமுகத்துல கொண்டாந்து நிறுத்தி, அடுத்த வருஷம் வித்தப்போ கெடைச்சது 12.6 கோடிதான்.

எனக்கு மனசுல நிக்கிறது நைஜீரியா. சானி அபாச்சா, 1993லேந்து 1998 வரைக்கும் ஆண்ட ராணுவ ஆட்சியாளர், தேசப் பாதுகாப்புக்கு அவசரம்னு பொய்க் கடுதாசி குடுக்க வச்சு மத்திய வங்கியிலேந்து பணத்த ரொக்கமாவே எடுத்தவரு. அந்தக் குடும்பமே ஒரு குற்றக் கும்பல் மாதிரிதான் நடந்துருக்கு, அதனால காசு நேர்மையா வந்துச்சுன்னு அவங்கதான் காட்டணும்னு 2005ல சுவிஸ் கோர்ட் சொன்னதும் வழி தொறந்துச்சு. மொதல்ல திரும்பி வந்த பணம் பட்ஜெட்டோட கலந்து, அது எங்க போச்சுன்னு பெரிய கேள்வி ஆயிருச்சு. அதனால அடுத்த சுமார் 32 கோடி டாலருக்கு 2017ல சுவிட்சர்லாந்து, நைஜீரியா, உலக வங்கி மூணும் ஒப்பந்தம் போட்டு, ஏழைக் குடும்பத்துக்கு மாசம் 5,000 நைரா நேராக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் ஊர் ஊராப் போயி காசு கைக்கு வந்துச்சான்னு அந்தக் குடும்பங்கள்ட்டயே கேட்டு எழுதுனாங்க.

எங்க ஊருணிப் போர்டுல தொகை இருக்கு, எத்தனை லோடு வண்டல் எடுத்தாங்க, யாரு வண்டி, எங்க கொட்டுனாங்கன்னு ஒரு வரிகூட இல்ல. அடுத்த கிராம சபையில நான் கேக்கப்போறது அதத்தான், அப்பத்தாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கு.