தூண்டுமருந்து: தார்க்குச்சி வழியாக வந்த சொல்

கிருஷ்ணகிரியில் ஒரு டீக்கடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஊக்கமருந்துன்னு போட்டிருக்கான். ஊக்கம் குடுக்கிற மருந்துன்னா நல்லதுதானே?" அவன் மேல் தப்பில்லை, சொல் அப்படி.

ஆங்கிலத்தில் இதை ஸ்டிமுலண்ட் என்பார்கள். வேர், லத்தீன் 'ஸ்டிமுலுஸ்': மாட்டைக் குத்தி ஓட்டும் கூர்முனைக் கோல். நம் தார்க்குச்சியேதான். குந்தாரப்பள்ளி மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாறு என்றால் முட்கோல். தாற்றுக்கோல் தேய்ந்து தார்க்கோல், தார்க்குச்சி ஆனது. (தார் ரோட்டுக்கும் இதற்கும் உறவில்லை.)

தார்க்குச்சி மாட்டுக்குத் தீவனம் போடாது. இருக்கும் தெம்பைச் செலவழிக்க வைக்கும், அவ்வளவே. மூளையிலும் இதே கணக்கு. மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள், நரம்பு முனைகளில் சேர்த்துவைத்த டோபமினை, அதாவது ஆசையையும் இன்பத்தையும் சேதியாகக் கடத்தும் வேதிப்பொருளை, வெளியே தள்ளுகிறது. கொக்கைன், வெளிவந்த டோபமின் திரும்பிப் போகும் வழியை அடைக்கிறது. எப்படியானாலும் நரம்பிடைவெளியில் டோபமின் தேங்கும். நாள்பட இப்படியே போனால், டோபமினை வாங்கும் ஏற்பிகளை, முக்கியமாக டி2 வகையை, மூளை குறைத்துக்கொள்கிறது. அப்புறம் சோறு, பாட்டு, பேச்சு எதிலும் ருசி தட்டாது. குத்திக் குத்தித் தோல் மரத்த மாடு.

மெத்தாம்பெட்டமைன் பழகியவர்களிடம், டோபமினைத் திரும்ப எடுத்துச்செல்லும் கடத்திகளும் குறைகின்றன. அதை விட்டு ஓராண்டு கடந்தவர்களிடம் கடத்திகள் நன்றாகவே மீண்டிருந்ததை அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழு 2001இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியது. நினைவாற்றல் சோதனையில் அந்த அளவு மீட்சி இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஊக்கமருந்து' விளையாட்டுச் செய்திகளுக்குப் போகட்டும். அங்கே ஸ்டீராய்டும் அதில் அடக்கம். 'ஊக்கி' என்றால் வேதியியல் வாத்தியாருக்கு வினையூக்கி நினைவு வரும். 'கிளர்ச்சியூட்டி' கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொடி பிடிக்கிறது. 'போதைமருந்து' அபினையும் சேர்த்துக்கொள்ளும், அதுவோ ஆளை மந்தமாக்குவது. பள்ளிப் பாடநூல் ஸ்டிமுலுஸை ஏற்கெனவே தூண்டல் என்கிறது. ஆகவே தூண்டுமருந்து. விளக்குத்திரியின் தூண்டுகோலும் இதே வேர்தான்: திரியை ஏற்றினால் வெளிச்சம் கூடும், எண்ணெய் சீக்கிரம் தீரும். கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் அளந்து தரும் மெத்தில்பெனிடேட்டுக்கும் இச்சொல் பொருந்தும், பழி சுமத்தாமல்.

மருமகன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். "அப்போ இந்த டீ?"

அதுவும் தூண்டுமருந்துதான், வழி மட்டும் வேறு. தூக்கத்தை அழைக்கும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திப் போய்த் துண்டு போட்டுவிடுகிறது.