பூனை இருக்கும் வீட்டில் பொக்கேயைப் பிரிக்கிறீர்களா? முதலில் லில்லியை வெளியேற்றுங்கள்

முகூர்த்த மாதம் வந்தாலே எனக்குக் கவலை வந்துவிடுகிறது. ரிசப்ஷன், பிறந்தநாள், கிரகப்பிரவேசம் என்று எங்கே பார்த்தாலும் பொக்கே. வீட்டுக்கு வந்ததும் பிரித்து அறைக்கு அறை வைக்கிறார்கள். ஓரிரு நாளில் ஒரு பூனை என் கால்நடை கிளினிக் மேசைக்கு வருகிறது. போன வாரமும் வந்தது.

பெரம்பூரில் ஒரு ஃபிளாட். வெளியே விடாமல், வேளாவேளைக்கு ஊசி போட்டு, அருமையாக வளர்த்த பூனை. சாப்பாட்டைத் தொடவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கிறது என்று தூக்கி வந்தார்கள். தடவிப் பார்த்தபோது வலது விலாவில், வெள்ளை முடிக்கு நடுவே, செம்பழுப்பாக ஒரு கறை. "பூஜை அலமாரியில உரசியிருக்கும் டாக்டர், குங்குமம்" என்றார் அந்த அம்மா. ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் ஆரஞ்சு நிறத்தில், பிசுபிசுப்பாக இழுத்துக்கொண்டு வந்தது. லில்லியின் மகரந்தம். வயிற்றை அழுத்திப் பார்த்தால் சிறுநீர்ப்பை காலி. மூன்றாவது நாள் ஆகியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

விசாரித்தால், ரிசப்ஷனில் வந்த பெரிய பொக்கேயைப் பிரித்து ஹால், டைனிங் டேபிள், படுக்கையறை, ஃபிரிட்ஜ் மேல், பாத்ரூம் என்று கண்ணாடி டம்ளர்களில் வைத்திருக்கிறார்கள். எல்லா டம்ளரிலும் எடுப்பாகத் தெரியட்டும் என்று டம்ளருக்கு ஒரு லில்லி.

பிரித்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை. நெருக்கிக் கட்டிய பூவுக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்கும், கூடுதலாக இரண்டு நாள் நிற்கும். ஆனால் பூனை இருக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டாக இருந்தவரை ஆபத்து ஒரே இடத்தில் இருந்தது. பிரித்ததும் அது எல்லா அறைக்கும் போய்விடுகிறது. காம்பை நறுக்கும்போது இலை தரையில் விழுகிறது. பூவை அசைக்கும்போது மகரந்தம் மேசை விரிப்பில், சோபாவில், உங்கள் நைட்டியில் கொட்டுகிறது. அப்புறம் ஐந்து டம்ளரில் ஐந்து டம்ளர் தண்ணீர். தன் கிண்ணத்தை விட்டுவிட்டு அடுத்தவர் டம்ளரில் நக்கிக் குடிப்பதுதான் பூனைக்குப் பிடிக்கும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஏசியாட்டிக், ஓரியண்டல், ஸ்டார்கேஸர், டைகர் என்று கடையில் எந்தப் பெயரில் கொடுத்தாலும் சரி, உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். இதழ், இலை, காம்பு, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே. பால்கனித் தொட்டியில் வளர்க்கும் டே லில்லியும் அப்படித்தான். ஒரு இலையைக் கடித்தாலே போதும். முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் போதும். "கேசரத்தைக் கிள்ளிட்டுத்தான் கொடுத்தாங்க" என்கிறார்கள், பூவின் நடுவே மகரந்தம் இருக்கும் அந்த நுனிகளை. கடைக்காரர் அதைக் கிள்ளுவது துணியில் கறை படாமல் இருக்க. உங்கள் பூனைக்காக அல்ல.

இனி, என்னைப் பொறுமையிழக்க வைக்கும் அந்த வாக்கியம்: "பூனைக்குத் தெரியாதா டாக்டர், எதைத் தின்னணும்னு? அதுவே புல்லைத் தின்னு வாந்தி எடுத்துச் சரி பண்ணிக்குமே!"

தெரியாது. கோத்தகிரிப் பக்கம் பாலிஹவுஸில் வளர்த்து, குளிர்பெட்டியில் வைத்து, கோயம்பேடு வழியாக உங்கள் ஹாலுக்கு வந்த ஒரு பூவைப் பற்றி, மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்த பூனைக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அதை விடுங்கள். பல பூனைகள் லில்லியைத் தின்பதே இல்லை. டம்ளரை உரசிக்கொண்டு போகின்றன, முதுகில் தூள் விழுகிறது. பூனை தன் உடம்பைச் சுத்தம் செய்ய நக்குகிறது. இதில் எதைத் தின்பது, எதை விடுவது என்ற தேர்வே கிடையாது. சுத்தமாக இருக்கும் பூனைதான் முதலில் மாட்டிக்கொள்கிறது.

அப்புறம் அந்த வாந்தி. புல் தின்ற பூனை வாந்தி எடுத்துவிட்டு விளையாடப் போகும், உண்மை. லில்லி பட்ட பூனையும் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், எச்சில் ஒழுகும், அப்புறம் வாந்தி நின்றுவிடும். "வெளியே வந்துடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிறார்கள். வெளியே வரவில்லை. அது ரத்தத்தில் ஏறிவிட்டது. பூனை தேறியது போலத் தெரியும் அந்த இடைவெளியில்தான் சிறுநீரகக் குழாய்களின் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் கைவிடும். முதலில் தண்ணீரை நிறையக் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும். பிறகு சிறுநீரே வராது. அந்தக் கட்டத்தில் தூக்கி வந்தால் எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. முதல் நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாகவே இருக்கலாம், அதனால் "டெஸ்ட் நார்மல்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகவும் கேட்காதீர்கள்.

சீக்கிரம் வந்தால் கதையே வேறு. 18 மணி நேரத்துக்குள் டிரிப் ஏற்ற ஆரம்பித்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாள் விடாமல் ஏற்ற வேண்டும், சிறுநீரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே கடித்ததா இல்லையா என்ற சந்தேகமே போதும், கிளம்புங்கள். வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அதுவே பூனைக்கு விஷம். பால், மோர், கரித்தூள் என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம். உடம்பில் தூள் இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, நக்க முடியாதபடி துண்டில் சுற்றிக்கொண்டு வாருங்கள். பூவையோ அதன் போட்டோவையோ கொண்டு வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து கிளினிக்கோ, இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பூக்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ரோஜா, ஜெர்பரா, ஆர்க்கிட் எல்லாம் தாராளமாக வைக்கலாம். கார்னேஷன், ஜிப்சி (பொக்கேயில் இடைவெளியை நிரப்பும் பொடி வெள்ளைப் பூ), சாமந்தியைத் தின்றால் வயிறு கெடலாம், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆந்தூரியமும் பீஸ் லில்லியும் வாயை எரிக்கும், எச்சில் கொட்டும், ஆனால் சிறுநீரகத்தைத் தொடாது. நம் மாநில மலர் செங்காந்தள் லில்லி வகை அல்ல, ஆனால் அதில் கொல்ச்சிசின் இருக்கிறது. அது பூனைக்கு மட்டுமல்ல, நாய்க்கும் மனிதருக்கும் விஷம். குழந்தையோ பிராணியோ இருக்கும் வீட்டில் அதன் கிழங்கு வேண்டவே வேண்டாம்.

நாய் வளர்ப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: லில்லி நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான். ஆனால் பொக்கேயின் அடியில் இருக்கும் பச்சை ஸ்பாஞ்சையும் கம்பியையும் நாய் விழுங்கும். ரிப்பனைப் பூனை விழுங்கும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி சுருங்குவது போல் குடல் சுருங்கிக் கிழிந்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

பொக்கே கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் வீட்டில் பூனை இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் "லில்லி வேண்டாம்" என்று கடையில் சொல்லுங்கள். கட்டிக் கொடுப்பவர்கள் சந்தோஷமாக மாற்றித் தருவார்கள்.

கையில் வந்துவிட்டால், வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். வாசலிலேயே லில்லியை மட்டும் உருவி, பூனை இல்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். கொடுக்க ஆள் இல்லையென்றால் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மொட்டை மாடியிலோ தெருவோரத்திலோ வீசினால் அங்கே தெருப்பூனை இருக்கிறது. பொக்கே நின்ற தண்ணீரை டாய்லெட்டில் ஊற்றிவிட்டு, கையைக் கழுவி, சட்டையில் தூள் இருந்தால் மாற்றிக்கொண்டு, அப்புறம் பூனையைத் தூக்குங்கள்.