ஹீட்டருக்குள் கேட்கும் அந்த 'டிக்'

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் குளிர் அதிகம். ஹாலில் ஒரு ஆயில் ஹீட்டர், படுக்கையறையில் ஒன்று. ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வீடு முழுக்கச் சூடாக்குவது நல்லதா, ஆள் இருக்கும் அறையை மட்டுமா? இவர் வேறு, குமிழைக் கடைசி எண் வரை திருகினால்தான் அறை சீக்கிரம் சூடாகும் என்கிறார். நிஜமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அக்கா, சீக்கிரம் சூடாகாது. ஏன் என்பதில்தான் எனக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதத்தில்கூட அங்கே ஒரு ஸ்வெட்டர் போதும். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, குளிர்காலத்தில் வறண்டும் போகிறது, வானத்தில் மேகம் இருக்காது. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஜூலையில் விடியற்காலை 4 டிகிரி என்பது சாதாரணம். 2023 ஜூலை 10 அன்று பனியே விழுந்தது. இருந்தும் வெயிலை மட்டுமே நினைத்துக் கட்டிய வீடுகள்தான் இங்கே அதிகம். ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, கூரைக்குக் கீழே வெறும் சீலிங் பலகை, அவ்வளவுதான். புது வீடுகளுக்கு வெப்பக் காப்பைக் கட்டாயமாக்கிய சான்ஸ் 10400-எக்ஸ்ஏ விதி வந்ததே 2011-ல்தான்.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பரப்பளவு, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், நடுவில் இருக்கும் பொருள். 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே 19 டிகிரி, வெளியே 4 டிகிரி என்றால், அதன் வழியாக மட்டும் ஏறக்குறைய 170 வாட் ஓயாமல் வெளியேறும். அறை அறையாகச் சூடாக்கினால் மிச்சமாவது இதனால்தான். சூடாக வைத்திருக்கும் வெளிச்சுவரும் ஜன்னலும் சீலிங்கும் குறைந்தால் போகிற வெப்பமும் குறையும். நாள் முழுக்க அணைக்காமல் வைத்திருப்பதுதான் சிக்கனம் என்று சிலர் சொல்வதும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது. வீடு எத்தனை மணி நேரம் சூடாக இருக்கிறதோ, அத்தனை மணி நேரமும் அது வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் கதவு சாத்தியிருக்க வேண்டும். நம்பவில்லையென்றால் ஹீட்டர் ஓடும் அறையின் கதவைத் திறந்துவிட்டு, நிலைப்படியில் ஒரு ஊதுபத்தியோடு நில்லுங்கள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் புகை வெளியே சாயும். முழங்காலுக்குக் கீழே இறக்கினால் அதே புகை உள்ளே சாயும். நடுவில் ஓர் உயரத்தில் எந்தப் பக்கமும் போகாமல் நேராக மேலே ஏறும். சூடான காற்று கதவின் மேல்பாதி வழியாக வெளியே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழ்ப்பாதி வழியாக உள்ளே வருகிறது. இரண்டாயிரம் வாட் ஹீட்டரை வைத்துக்கொண்டு நடைபாதையைச் சூடாக்குகிற வேலைதான் இது.

சரி, குமிழுக்கு வருவோம். ஐரோப்பாவில் ஒரே பாய்லரிலிருந்து வெந்நீர்க் குழாய் எல்லா அறைகளுக்கும் போகும். ஒவ்வொரு அறையின் ரேடியேட்டரிலும் ஒரு வால்வு இருக்கும். வால்வின் தலைக்குள் மெழுகோ திரவமோ அடைத்திருப்பார்கள். அறை சூடானால் அது விரிந்து வெந்நீரின் வழியை அடைக்கும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் கம்பெனி நிறுவனர் மாட்ஸ் கிளவுசன் 1943-ல் கண்டுபிடித்தது. நம் வீடுகளில் அந்தக் குழாயும் இல்லை, வால்வும் இல்லை. நம்மிடம் இருப்பது பத்துக் காசுக்கு மதிப்பில்லாததுபோல் தோன்றும் ஓர் உலோகப் பட்டை.

ஆயில் ஹீட்டரின் குமிழுக்குப் பின்னால் அந்தப் பட்டை இருக்கிறது. பார்த்தால் ஒரே தகடு, உண்மையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு உலோகங்கள். ஒரு பக்கம் பித்தளை போலச் சூட்டில் நன்றாக நீள்வது, இன்னொரு பக்கம் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை போல நீளவே தயங்குவது. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பித்தளை இன்வாரைவிட எவ்வளவு கூடுதலாக நீளும்? 0.009 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. இதை வைத்து எந்த ஸ்விட்ச்சை அழுத்துவது?

இங்கேதான் அழகு. இரண்டும் ஒட்டியிருப்பதால் பித்தளை தனியாக நீள முடியாது, இன்வாரும் விடாது. பித்தளைக்குக் கூடுதல் இடம் வேண்டும். அது கிடைக்க ஒரே வழி, வளைவின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வது. ஆக, பட்டை முழுவதும் இன்வார் பக்கமாக வளைகிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையின் ஒரு முனையைப் பிடித்து வைத்தால், மறுமுனை ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியாத நீட்சியை எழுபது மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டிவிட்டது. பேட்டரி இல்லை, சிப் இல்லை, பல்சக்கரம்கூட இல்லை. பட்டையை இரண்டு மடங்கு நீளமாக்கினால் முனையின் நகர்வு நான்கு மடங்காகும்; பாதி மெல்லியதாக்கினால் இரண்டு மடங்காகும். பள்ளிக்கூட வடிவியல்தான், ஆனாலும் ஒவ்வொரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கும்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இதோடு வேலை முடியவில்லை. பட்டை வளைந்து விலகினால்தான் ஹீட்டருக்குப் போகும் மின்தொடர்பு பிரியும். ஆனால் அது மெதுவாக வளைகிறது. மின்தொடர்பு மெதுவாகப் பிரிந்தால் ஆபத்து. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டு தொடுமுனைகளும் மயிரிழை இடைவெளியில் தயங்கி நின்றால் நடுவில் தீப்பொறி பாய்ந்து முனைகளைத் தின்றுவிடும். அதனால் பட்டையின் முனைக்கு எதிரே ஒரு குட்டிக் காந்தத்தையோ, நெளிந்து தாவும் ஒரு வில்லையோ வைத்துவிடுவார்கள். பட்டை விலகப் பார்க்கிறது, காந்தம் பிடித்து வைக்கிறது. வளையும் விசை ஏறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் காந்தத்தை மிஞ்சுகிறது. துளி விலகியதுமே காந்தத்தின் பிடி மளமளவென்று குறைந்துபோகும், பட்டை படாரென்று துள்ளி விலகும். ராத்திரி மூலையில் கேட்கும் 'டிக்' அதுதான். ஆறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். நெருங்கி வந்த பட்டையைக் காந்தம் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மறுபடி ஒரு 'டிக்'.

அணையும் வெப்பமும் எரியும் வெப்பமும் ஒன்றாக இல்லாதது இதனால்தான். 20-ல் அணைந்தால் 18-ல் எரியும், ஏறக்குறைய அப்படி. அந்த இடைவெளி குறை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. அது இல்லையென்றால் ஹீட்டர் நிமிடத்துக்குப் பத்து முறை அணைந்து எரிந்து, ஒரே குளிர்காலத்தில் ஸ்விட்ச் கருகிப்போகும்.

இந்தப் பட்டையின் பரம்பரையையும் சொல்லியாக வேண்டும். முதலில் செய்தவர் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர், 18-ஆம் நூற்றாண்டில். கப்பலில் போகும் கடிகாரம் வெயிலிலும் குளிரிலும் தவறாமல் ஓட வேண்டும் என்பது அவர் கவலை. இன்வார் கலவையை 1896-ல் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் எடுவார் கியோம், அளவுகோல் சூட்டில் நீளக்கூடாதே என்று தேடியவர். 1920-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. இருவரில் ஒருவர்கூடப் படுக்கையறையைச் சூடாக்க நினைக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் 'மூன்று வருடத்தில் என்ன பயன்' என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்களே, அந்தக் கட்டத்தில் கியோம் என்ன எழுதியிருப்பார்?

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: குமிழைத் திருகும்போது மாறுவது பட்டைக்கும் தொடுமுனைக்கும் உள்ள அழுத்தம் மட்டும்தான். கம்பிச்சுருளுக்குப் போகும் மின்சாரம் மாறாது. 3-ல் வைத்தாலும் 6-ல் வைத்தாலும் அதே 2,000 வாட்தான். 6-ல் வைத்தால் நிறுத்த மறந்துவிடும், அவ்வளவே. குமிழில் டிகிரி போடாமல் வெறும் எண் போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. பட்டை அளப்பது உங்கள் அறையை அல்ல, ஹீட்டரின் இடுப்பை ஒட்டிய காற்றை. திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளி வைத்தால் அங்கே சூடு தேங்கி, நீங்கள் நடுங்கும்போதே அது அணைந்துவிடும். நல்ல வழி இது: நடுவில் அணைந்துவிடாமல் இருக்க முதலில் முழுக்கத் திருகி விடுங்கள். அறை இதமானதும் குமிழை மெல்லப் பின்னால் கொண்டு வாருங்கள், 'டிக்' கேட்டதும் கையை எடுங்கள். அந்த அறைக்கு, அந்த இடத்துக்கு, அதுதான் எண். ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் போட்டுக்கொள்ளலாம். படுக்கையறை ஹீட்டருக்குத் தனியாகப் பாருங்கள். எண் வேறாகத்தான் வரும்.

சூடாக்காமல் விட்ட அறைகளில் பூஞ்சை வருகிறதா என்று கவனியுங்கள். சமையல், குளியல், மூச்சு, எல்லாவற்றின் ஈரமும் போய்ப் படிவது குளிர்ந்த சுவரில்தான். சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வரும். நண்பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கரி அடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கலோஷே என்ற குட்டிப் பேய் ஏறாமல் இருக்கக் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்கும் பழக்கம் இந்த நாட்டில் உண்டு. நம்மவர்களும் பாதி நம்பித்தான் சொல்வார்கள். அதற்கு 'விஞ்ஞான விளக்கம்' ஒன்றும் உலவுகிறது: இம்பாவ்லா என்கிற கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடு தரையில் தேங்குமாம், உயரத்தில் படுத்தவர் பிழைப்பாராம். பேய்க் கதையைவிட இதுதான் எனக்குப் பயம். கார்பன் மோனாக்சைடின் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி 29. அது தேங்காது, அறை முழுக்கப் பரவும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை செங்கல் வைத்தாலும் பயனில்லை. கரி அடுப்பு வாசலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

இரண்டு ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியர் தாண்டும். ஒரே 20 ஆம்பியர் பிரேக்கரில் இரண்டும் இருந்தால், கெட்டில் போட்டவுடன் ட்ரிப் ஆகும். மல்டிப்ளக்கில் செருகவே வேண்டாம், நேராகச் சுவரில். லோட்ஷெட்டிங் வந்தால் இன்னொன்றும் ஞாபகம் வையுங்கள்: பட்டன் வைத்த ஹீட்டர்களில் பல, கரண்ட் திரும்பினாலும் அணைந்தே கிடக்கும். குமிழ் ஹீட்டர் அப்படியில்லை, பட்டை ஆறிப்போயிருப்பதால் கரண்ட் வந்த நொடியே எரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வெளியே கிளம்புவதாக இருந்தால் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.